ஆகஸ்டு முதல் தேதி

டெலிபோன் மணி அடித்தால் எனக்குப் பிடிக்காது. பாதிக் கதையில், கதாநாயகி வாசற்படியில் நின்று உள்ளே வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சமயத்தில், யாராவது கூப்பிட்டு, "கியாஸ் சிலிண்டர் வந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால் கதாநாயகி போயிருப்பாள். பிறகு அவளைத் தேடிப் பிடித்து அழைத்து வர இரண்டு நாள் ஆகும்.

அப்படிப்பட்ட நான், ஒரு டெலிபோன் மணி அடிக்காதா என்று ஒரு ராத்திரி முழுவதும் ஏங்கிக் காத்திருந்தேன் என்றால் வாசகர்கள் நம்பித்தான் ஆக வேண்டும். அது 2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் 31-ஆம் தேதி இரவு. விடிந்தால் ஆகஸ்டு முதல் தேதி, ஆடி வெள்ளிக்கிழமை. இடம், அமெரிக்காவில் வட கரோலினா மாகாணத்தில் கேரி என்னும் ஊர். பைன் மரங்களும், மரங்களுக்கு நடுவே வீடுகளும், நம்மவர்கள் கட்டிய பெருமாள் கோயிலும் உள்ள ஊர். என் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே வெகு காலமாக இருக்கிறார்கள். கோடைக்கு என்னை அழைத்துப் போயிருந்தார்கள்.

மணி அடிக்க வேண்டியது என் பேரனுக்காக. அவனுக்கு வயது பதினாறு. பேஸ்பால் ஆடுகிறான்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஆட்டம் ஒரு விசித்திரம். பந்து தரையில் படுவதே இல்லை. அறுபது அடி ஆறு அங்குலத்துக்கு அப்பால், ஒரு சிறிய மண் மேட்டின்மேல் நின்று ஒருவன் எறிகிறான். அவனுக்குப் பிட்சர் என்று பெயர். மட்டை பிடித்தவன் மூன்று தடவை ஏமாந்தால் வெளியே போகிறான். பத்துத் தடவையில் மூன்று தடவை ஒழுங்காக அடித்துவிட்டால் அவனைச் சூரன் என்று கொண்டாடுகிறார்கள். பத்துக்கு மூன்று மார்க் வாங்கியவனை எங்கள் வாத்தியார் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார்! தோல்வியை இவ்வளவு தாராளமாக அனுமதிக்கிற ஆட்டத்தைச் சுற்றி, தோல்வியைச் சகிக்காத அப்பா அம்மாக்கள் இவ்வளவு பேர் கூடுவது எப்படி என்பதுதான் எனக்கு முதலில் விளங்கவில்லை.

பேரன் பிட்சர். அவன் அறைச் சுவரில் குமார் ராக்கர் என்பவரின் படம் ஒட்டியிருந்தது. தாய் வழியில் இந்திய வம்சத்தைச் சேர்ந்தவர். வாண்டர்பில்ட் சர்வகலாசாலையில் முதல் வருஷ மாணவராக இருந்தபோது, 2019 ஜூன் மாதம், கேரிக்குப் பக்கத்து ஊரான டர்ஹாமின் டியூக் சர்வகலாசாலைக் கோஷ்டியில் 19 பேரை மட்டையால் தொடவிடாமல் அனுப்பி, ஒருவரையும் அடித்து ஓட விடாமல் ஆட்டத்தை முடித்தவர். பேரனுடைய தொப்பியின் உள்பக்கத்தில் "ஓமஹா" என்று மையினால் எழுதியிருந்தது. அது என்ன மந்திரம் என்று கேட்டேன். நெப்ராஸ்கா மாகாணத்தில் உள்ள ஊராம். 1950-ஆம் வருஷம் முதல் ஜூன் மாதந்தோறும், தேசத்திலேயே சிறந்த எட்டுக் கல்லூரிக் கோஷ்டிகள் அங்கே கூடி ஆடுகின்றனவாம். நம் ஊர்ப் பையன் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போடுவதுபோல் அந்த ஊர்ப் பையன்கள் தொப்பிக்குள் ஓமஹா எழுதுகிறார்கள்.

பையன் எழுதியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பதினாறு வயதில் எழுதாமல் அறுபது வயதிலா எழுதுவது? ஆனால் மாப்பிள்ளையும் மனத்துக்குள் எழுதிவிட்டார். அதுதான் கஷ்டம்.

மாப்பிள்ளை நிதானமான மனிதர். ஒரு செருப்பு வாங்குவதற்கு மூன்று கடை ஏறி இறங்குவார். அப்பேர்ப்பட்டவர் பேஸ்பால் விஷயத்தில் கர்ணனாகிவிட்டார். பள்ளிக்கூடக் கோஷ்டி போதாது என்று, ஊர் ஊராகப் போய் ஆடும் தனிக் கோஷ்டி ஒன்றில் சந்தா கட்டிச் சேர்த்திருந்தார். சனி ஞாயிறு என்றால் காரில் ஏறி மூன்று மணி, நாலு மணி நேரம் பிரயாணம், ஹோட்டல் வாசம். எறியக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார். அடிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியார். பந்தின் வேகத்தை அளக்க ஒரு கருவி. டாலரை ரூபாயாக மாற்றிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இரண்டு வார இறுதிகளுக்குப் பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன், உடம்புக்கு ஆகவில்லை.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு பெரிய சர்வகலாசாலையிலிருந்து கடிதம் வந்தது. கம்ப்யூட்டரில் வந்ததை மாப்பிள்ளை காகிதத்தில் அச்செடுத்து, பூஜை அலமாரியில் வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். 'உன்னைப் போன்ற திறமைசாலிகளை எங்கள் மைதானத்தில் காண ஆவலாக இருக்கிறோம்' என்று எழுதியிருந்தது. கீழே, முகாம் நடக்கும் தேதி. அதற்கும் கீழே, கட்டணம்.

போனோம். நூற்றுக்கு மேற்பட்ட பையன்கள் ஒரே மாதிரி பனியன் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள். பேரன் பதினைந்து பந்துகள் எறிந்தான். ஒரு மாணவர் வேகத்தைக் குறித்துக்கொண்டார்: மணிக்கு 79 மைல். தலைமைப் பயிற்சியாளர் காலையில் ஐந்து நிமிஷம் பேசினார். அதற்குப் பிறகு அவரை யாரும் காணவில்லை. திரும்பும் வழியில் மாப்பிள்ளை, "இன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கம். இல்லாவிட்டால் 81 வந்திருக்கும்" என்றார். பேரன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கிழவரைச் சந்தித்தேன். மைதானத்துப் பலகைப் படிகளில் குடையின் கீழ் உட்கார்ந்து, சூரியகாந்தி விதையை மென்று தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் பேஸ்பால் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேரனும் அன்று ஆடினான். கிழவர்களுக்குள் சிநேகம் பிடிக்க இங்கிலீஷ் அதிகம் வேண்டியதில்லை. முழங்கால் வலி ஒன்று போதும்.

என் தொழிலைக் கேட்டார். கதை எழுதுகிறேன் என்றேன்.

"உங்கள் ஊரில் கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்புகிறவர்களில் எத்தனை பேருடைய கதை அச்சாகிறது?"

"நூற்றுக்கு இரண்டு இருக்கலாம்."

"இங்கேயும் அதே கணக்குதான்" என்றார் கிழவர்.

அவர் சொன்னதை அன்று இரவே நோட்டில் எழுதி வைத்தேன். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகளில் பேஸ்பால் ஆடும் பையன்கள் ஏறக்குறைய நாலே முக்கால் லட்சம். கல்லூரிகளின் பெரிய சங்கமான என்.சி.ஏ.ஏ.யில் மூன்று பிரிவுகள் உண்டு. நூறு பையன்களில் ஏழு பேர் போல அந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் ஆடுகிறார்கள். டெலிவிஷனில் காட்டுகிற முதல் பிரிவுக்குப் போகிறவர்கள் இரண்டு பேர்தான். அந்தப் பிரிவில் பேஸ்பால் கோஷ்டி வைத்திருக்கும் கல்லூரிகள் ஏறக்குறைய முந்நூறு.

"சரி, அந்த இரண்டு பேருக்குச் சம்பளம் இல்லாப் படிப்பா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் பேச்சு.

கிழவர் சிரித்தார். வெகு காலம் வரையில் முதல் பிரிவில் ஒரு கோஷ்டிக்கு அனுமதித்த உபகாரச் சம்பளம் 11.7. பன்னிரண்டுகூட இல்லை! அதை 27 பேர் வரையில் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். ஒருவனுக்குக் கால் பங்கு, இன்னொருவனுக்கு அரைப் பங்கு. பாக்கியைத் தகப்பனார் கட்ட வேண்டியது. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குப் பாயசம் பரிமாறுவது போல. 2025 ஜூன் மாதம் ஒரு பெரிய வழக்கு சமரசத்தில் முடிந்து, நீதிபதி அங்கீகரித்தார். அதன்படி, சமரசத்துக்கு உட்பட்ட கல்லூரிகளில் அந்த வரம்பு போய்விட்டது. 'ஆஹா!' என்று நாம் சந்தோஷப்படுவதற்குள் இன்னொரு வரம்பு வந்துவிட்டது: கோஷ்டியில் 34 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பணமுள்ள கல்லூரி 34 பேருக்கும் கொடுக்கலாம். ஆனால் முப்பத்தைந்தாவது பையனுக்கு வாசல் அடைப்பு.

"இன்னொன்றும் இருக்கிறது" என்றார். "உங்கள் பேரன் போட்டியிடுவது பதினெட்டு வயதுப் பையன்களோடு என்று நினைக்காதீர்கள். 2020-ல் தொற்றுநோயால் ஆட்டங்கள் நின்றபோது எல்லோருக்கும் ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்தார்கள். தொழில்முறைக் கோஷ்டிகள் 2019 வரையில் 40 சுற்றுகளாக ஆள் எடுத்தன. 2021-லிருந்து 20 சுற்றுதான். அங்கே போயிருக்க வேண்டியவன் கல்லூரியிலேயே இருக்கிறான். ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு முன்பெல்லாம் ஒரு வருஷம் சும்மா உட்கார வேண்டும். 2021-ல் அந்தத் தளையும் தளர்ந்தது. நீங்கள் பயிற்சியாளராக இருந்தால் யாரை எடுப்பீர்கள்? மீசை முளைக்காத பையனையா, மூன்று வருஷம் ஆடிய இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளையையா?"

நான் பதில் சொல்லவில்லை. மேட்டின்மேல் பேரன் நின்றுகொண்டிருந்தான். பந்தை இரண்டு கையாலும் தேய்த்துவிட்டு, குனிந்து காலணியால் மண்ணைச் சரிசெய்தான்.

"பேரன் நன்றாக எறிகிறான்" என்றார் கிழவர் மெதுவாக. "குறி தப்பவில்லை. தலையை உபயோகிக்கிறான். ஆனால் முதல் பிரிவில் 90 மைலைத் தொடுவது சாதாரணம். இவன் இன்னும் வளரலாம், வளராமலும் இருக்கலாம். ஏதாவது கடிதம் வந்ததா?"

பெரிய சர்வகலாசாலைக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"அதில் இவன் என்றைக்கு, எந்த ஆட்டத்தில், என்ன செய்தான் என்று எழுதியிருந்ததா?"

"இல்லை. கட்டணம் எழுதியிருந்தது."

கிழவர் ஒன்றும் சொல்லாமல் விதைப் பையை என் பக்கம் நீட்டினார்.

எனக்கு அப்போது சுருக்கென்று பட்டது. கடிதம் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை! நாற்பது வருஷமாகப் பத்திரிகை ஆபீஸ்களின் கடிதங்களைப் படித்தவன் நான். 'தங்கள் படைப்பைப் பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்' என்ற அச்சடித்த சீட்டு எவ்வளவு மரியாதையாக இருந்தாலும் அது சீட்டுதான். அதன் ஓரத்தில் ஓர் உதவி ஆசிரியர் பேனாவை எடுத்து, 'இரண்டாம் அத்தியாயத்தில் கிழவி பேசுவது நன்றாக இருக்கிறது. முடிவைச் சுருக்கி அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தால், அதுதான் கடிதம். அப்படி ஒரு வரிக்காக நான் மூன்று வருஷம் உயிரோடு இருந்திருக்கிறேன். இத்தனையும் தெரிந்தவன், வெங்கடாசலபதிக்குப் பக்கத்தில் அச்சடித்த சீட்டை வைத்தபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னேனா? இல்லை. மாமனாருக்கு என்று சில தைரியக் குறைவுகள் உண்டு.

ஆகஸ்டு முதல் தேதியின் மகிமை இதுதான்: முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள், பையன் பதினோராம் வகுப்பு ஆரம்பிக்கும் வருஷத்து ஆகஸ்டு முதல் தேதிக்கு முன்னால் அவனோடு பேசக் கூடாது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புக் குழந்தைகளிடமெல்லாம் வாக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று 2023-ல் இந்த விதி போட்டார்கள். நல்ல விதிதான். ஆனால் அதன் பலன், ஜூலை 31 நடுநிசியில் அமெரிக்கா முழுவதும் எத்தனையோ வீடுகளில் டெலிபோனைச் சுற்றிக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன.

நாங்களும் உட்கார்ந்தோம். சாப்பாட்டு மேஜை நடுவில் பேரனுடைய டெலிபோன். அதற்குப் பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு காகிதத்தில் பதினேழு கல்லூரிகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். பன்னிரண்டு மணி அடித்தது. பன்னிரண்டே கால். டெலிபோன் ஒரு தடவை உறுமியது, எல்லோரும் எழுந்துவிட்டோம். பேரன் எடுத்துப் பார்த்தான். அவனுடைய கோஷ்டியில் இடது கையால் எறியும் ஒரு பையன். ஆறு அடி மூன்று அங்குலம். அவனுக்கு மூன்று கல்லூரிகளிலிருந்து செய்தி வந்துவிட்டதாம்.

"நல்ல பையன். அவனுக்கு வரத்தான் வேண்டும்" என்றான் பேரன். உண்மையாகவே சொன்னான். சிநேகிதனுக்கு இரண்டு வரி வாழ்த்து அனுப்பினான். ஒரு மணிக்கு, "நான் தூங்கப் போகிறேன், அப்பா" என்று எழுந்து போனான். மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. விடிகாலையில் நான் தண்ணீர் குடிக்க வந்தபோதும் அப்படியே இருந்தார். டெலிபோன் இருட்டில் கறுப்பாகக் கிடந்தது.

காலையில் என் பெண் குளித்துவிட்டு, ஆடி வெள்ளிக்கு விளக்கேற்றி, அடுப்பில் பாயசத்துக்குப் பால் வைத்திருந்தாள். நான் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து, ஏதோ சமாதானமாகப் பேச நினைத்து, "போகட்டும் அம்மா, இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த வாரம் வரும்" என்றேன்.

அவள் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இதையேதான் அப்பா என்னிடமும் சொன்னீர்கள்."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

என் பெண் ஆறு வயதிலிருந்து பாட்டுக் கற்றுக்கொண்டாள். எங்கள் திருவல்லிக்கேணி வீட்டில் விடிகாலையில் அவள் சாதகம் பண்ணும்போது பால்காரர் நின்று கேட்டுவிட்டுப் போவார். அந்தப் பால்காரரை நம்பி, மார்கழி மாதக் கச்சேரி மேடையில் அவள் மாலை வேளையில் உட்காருவாள் என்று நான் தீர்மானம் செய்துவிட்டேன். சபாக் காரியதரிசிகளின் வீட்டு வாசலில் நான் தேய்த்த செருப்புகளுக்குக் கணக்கில்லை. 1995 டிசம்பரில் ஒரு சபாவில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு கச்சேரி கிடைத்தது. கூடத்தில் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் உறவினர். பிறகு ரேடியோவில் குரல் பரீட்சைக்குப் போனாள், தேறவில்லை. "அடுத்த தடவை வரும்" என்றேன். அடுத்த தடவையும் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் தம்புராவுக்கு உறை போட்டாள். தோல்வியைத் தாங்க முடியாமல் விட்டுவிட்டாள் என்று முப்பது வருஷமாக நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு கதையில்கூட அப்படி எழுதியிருக்கிறேன்.

"தேறாதது எனக்குக் கஷ்டமாகவே இல்லை, அப்பா" என்றாள் என் பெண். "என் குரல் எனக்குத் தெரியாதா? வீட்டில் பாடிக்கொண்டிருந்திருப்பேன். கோயிலில் பாடியிருப்பேன். ஆனால் இரண்டாம் தடவை தேறவில்லை என்று கடிதாசு வந்த அன்றைக்கு நீங்கள் ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். அம்மா தட்டைப் போட்டுவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டாள். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் வாயைத் திறந்தாலே எனக்கு அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது."

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"இன்றைக்குக் காலையில் இவர் காப்பி குடிக்கவில்லை. குழந்தை பார்த்துக்கொண்டே நின்றான்."

நான் எழுந்து கொல்லைப் பக்கம் போய் நின்றேன். எனக்கு அந்த ராத்திரி ஞாபகம் இல்லை. அதுதான் பயங்கரம். ஒரு பெண்ணின் பாட்டை நிறுத்திய ராத்திரி, நிறுத்தினவனுக்கு ஞாபகம் இல்லை.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை உலாவப் போனபோது நானும் கூடப் போனேன். என் கதையைச் சொன்னேன். கிழவரின் கணக்கையும் சொன்னேன். மாப்பிள்ளை கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

"மாமா, நான் திருச்சியில் பள்ளிக்கூடத்தில் வேகப்பந்து போடுவேன். பத்தாம் வகுப்பில் அப்பா என் காலணியை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. என் பையனுக்கு யாரும் அப்படிச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன்."

"யாரும் சொல்ல வேண்டாம். பரண்மேல் போடவும் வேண்டாம். ஆனால் அந்தக் காலணியை நீங்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே சமையலறைக்குப் போய், பேரன் எதிரில் நின்றபடியே ஒரு கிண்ணம் பாயசம் சாப்பிட்டார். பிறகு இன்னொரு கிண்ணம் சாப்பிட்டார். அவருக்குச் சர்க்கரை கொஞ்சம் உண்டு. ஆனாலும் அன்று யாரும் தடுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் பேரன், "தாத்தா, ஜூன் மாதமே ஒரு கடிதம் வந்தது. அப்பா அதைக் கவனிக்கவில்லை" என்று மெதுவாக எடுத்துக் காட்டினான். மலையடிவாரத்தில் ஒரு சிறிய கல்லூரி, மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவுப் பயிற்சியாளர்களுக்கு ஆகஸ்டு முதல் தேதிக் கட்டுப்பாடு கிடையாது. 'சனிக்கிழமை ஆட்டத்தில் உன் கோஷ்டிப் பையன் பந்தைத் தவற விட்டபோது நீ அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் அடுத்த இரண்டு பேரையும் வெளியேற்றினாய். உன் மெதுவான பந்து இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். நேரமிருந்தால் வந்து கல்லூரியைப் பார்' என்று எழுதியிருந்தார். கட்டணம் ஒன்றும் எழுதவில்லை.

ஓரத்தில் பேனாவால் எழுதிய இரண்டு வரி!

பேரனே பதில் எழுதினான். அது முக்கியம் என்று கிழவர் சொல்லியிருந்தார். தகப்பனார் எழுதுகிற கடிதத்தை எந்தப் பயிற்சியாளரும் மோப்பம் பிடித்துவிடுவாராம். ஆகஸ்டு மாத நடுவில் எல்லோருமாகப் போனோம். பயிற்சியாளர் தாட்சண்யம் இல்லாமல் பேசினார். மூன்றாம் பிரிவில் ஆட்டத்துக்காக ஒரு டாலர்கூட உபகாரச் சம்பளம் கிடையாது. படிப்பில் வாங்கும் மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்றபடி கல்லூரி கொடுக்கும் உதவிதான் உண்டு. முதல் வருஷம் அதிகமாக எறியக் கிடைக்காது. இடம் உண்டு என்று இன்று சொல்ல முடியாது. அடுத்த கோடையில் மறுபடியும் பார்ப்பேன் என்றார்.

பேரன் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து, எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்டான். கிழவர் சொல்லிக்கொடுத்தவைதான். 'உங்கள் ஜாபிதாவில் நான் எத்தனையாவது பிட்சர்?' 'என்னோடு அதே வருஷத்தில் எத்தனை பிட்சர்கள் சேருவார்கள்?' இப்படிக் கேட்டால் நேராகப் பதில் சொல்கிறவரை நம்பலாம். மழுப்புகிறவரின் பதிலும் பதில்தான் என்பது கிழவரின் சித்தாந்தம்.

பயிற்சியாளரும் ஒரு கேள்வி கேட்டார். "நாளைக்கு உன் தோள்பட்டை கெட்டுப்போய், இனிமேல் பந்தே எறிய முடியாது என்று ஆகிவிட்டால், அப்போதும் இந்தக் கல்லூரியில் படிக்க உனக்கு இஷ்டம் இருக்குமா?"

பேரன் உடனே பதில் சொல்லவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான். மண்ணியல் சோதனைச் சாலையில் ஒரு பேராசிரியை ஆற்றுப் படுகையின் கற்களை அறுத்து வைத்திருந்தார். அங்கே அவன் முக்கால் மணி நேரம் நின்றான். எறிகிற மேட்டின் மண்ணைக் காலால் கிளறிக் கிளறிப் பார்க்கிற பையன் அல்லவா? திரும்பும் வழியில் கார் ஜன்னலைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துப் பேசிக்கொண்டு வந்தான்.

அந்தக் கல்லூரியில்தான் சேருவான் என்று நான் சொல்ல மாட்டேன். இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அவன் நாலு அங்குலம் வளரலாம். பந்து பத்து மைல் வேகம் கூடலாம். அப்போது பெரிய கல்லூரி கூப்பிட்டாலும் கூப்பிடும். இரண்டு வருஷக் கல்லூரிகளில் ஆடிவிட்டுப் பெரிய இடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. தொப்பிக்குள் எழுதிய ஓமஹாவை யாரும் அழிக்கவில்லை. அழிக்கவும் கூடாது. மாப்பிள்ளை மாற்றிக்கொண்டது வேறு. கல்லூரிகளின் ஜாபிதாவை முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று கலந்து எழுதினார். ஒவ்வொரு கோஷ்டியிலும் பிட்சர்கள் எத்தனை உயரம், என்ன வயது என்று பையனோடு உட்கார்ந்து பார்த்தார். கட்டணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பைக் கூடையில் போட்டார். இரண்டு ஹோட்டல் பிரயாணங்களை நிறுத்தி, அந்தப் பணத்தைப் படிப்புக்கென்று ஒதுக்கினார். பேஸ்பாலுக்குக் கிடைக்கக்கூடிய கால் பங்கைவிடக் கணக்குப் பாடத்தில் வாங்கும் மார்க்கு அதிகப் பணம் கொண்டுவரும் என்பது, கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருப்பவருக்கு ஏன் இத்தனை நாள் தெரியவில்லை? ஆசை என்பது அப்படித்தான். ஊருக்கெல்லாம் கூட்டல் போட்டுக் கொடுக்கிறவன் வீட்டுக் கணக்கில் தப்புப் பண்ணுவான்.

நான் செப்டம்பரில் ஊருக்குத் திரும்பினேன். 2025 தீபாவளியன்று காலை, எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கதை எழுத உட்கார்ந்தேன். கதாநாயகி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். டெலிபோன் மணி அடித்தது.

பேரன். அங்கே ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.

"தாத்தா, இன்றைக்கு ஆட்டத்தில் ஐந்து பேருக்குக் கண்டபடி எறிந்து சும்மா நடக்கவிட்டேன். தோற்றுப் போனோம்" என்றான்.

"அப்பா என்ன செய்தார்?"

"வழியில் பீட்ஸா வாங்கினார். அவரே நாலு துண்டு சாப்பிட்டார்" என்று சொல்லிச் சிரித்தான்.

அவன் சிரிப்புக்குப் பின்னால், வீட்டுக்குள் எங்கேயோ ஒரு பாட்டுக் குரல் லேசாகக் கேட்டது. ரேடியோவா, என் பெண்ணா என்று தெரியவில்லை. கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. கேட்டால், 'பாடுகிறாயா அம்மா?' என்று ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் நிறுத்துவேன் என்று எனக்கே தெரியும்.

"சாப்பிட்டாயா, தாத்தா?" என்றான் பேரன்.

"இதோ, சாப்பிடப் போகிறேன்" என்றேன். கதாநாயகி வாசற்படியிலேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, இலையில் உட்கார்ந்து, திருப்தியாகச் சாப்பிட்டேன்.